‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’: முடிவு தெரியாதது கூடப் பரவாயில்லை, இந்த மைல்ஸை என்ன செய்வது?

நிழற்குடை:

கதை முழுவதும் இங்கே உடைபடும். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

நேற்று இரவு ஒரு மணிக்கு ஜான் கிரீனின் ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’வை முடித்தேன். கோபத்தில் தூக்கம் வரவில்லை. அக்கா மகள் கொடுத்த புத்தகம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். “சித்தி, இதைப் படிச்சே ஆகணும்” என்று கையில் திணித்தாள். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள், வந்ததும் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பாள். என்ன சொல்வது என்று இப்போதே யோசனையாக இருக்கிறது.

கிரீனுடைய முதல் நாவல் இது. 2005-இல் வந்து, 2006-இல் இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதும் வாங்கியது. மைல்ஸ் ஹால்ட்டர் என்ற பதினாறு வயதுப் பையன் ஃப்ளோரிடாவிலிருந்து அலபாமாவில் கல்வர் கிரீக் என்ற உறைவிடப் பள்ளிக்குப் போகிறான். பெரிய மனிதர்கள் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைப்பது அவன் பழக்கம். அங்கே அறைத்தோழன் சிப், எல்லாருக்கும் ‘கர்னல்’. அப்புறம் தகுமி, லாரா. எல்லாருக்கும் நடுவில் அலாஸ்கா யங். அறை முழுக்கப் புத்தகம் அடுக்கி வைத்திருப்பவள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், திடீரென்று வாயே திறக்கமாட்டாள்.

பாதிப் புத்தகத்தில் அவள் போய்விடுகிறாள். குடித்திருந்த நிலையில், நள்ளிரவு தாண்டி அழுதுகொண்டே காரை எடுக்கிறாள். மைல்ஸும் கர்னலும்தான் வெடி வெடித்து, பள்ளிப் பொறுப்பாளரின் கவனத்தைத் திருப்பி, அவளை வெளியே அனுப்புகிறார்கள். நெடுஞ்சாலையில் குறுக்கே மடங்கி நின்ற லாரி, அதன் அருகே விளக்குச் சுழல நின்ற போலீஸ் கார். அவள் திருப்பவே இல்லை. நேராகப் போய் மோதுகிறாள்.

விபத்தா, அவளே தேடிக்கொண்டதா? மீதிப் பாதி முழுக்க இதைத்தான் தோண்டுகிறார்கள், கடைசி வரை விடை இல்லை. அது எனக்கு உறுத்தவில்லை. மைல்ஸ்தான் உறுத்துகிறான். அவளைப் பார்த்த முதல் நாளிலிருந்து அவள் சிரிப்பு, அவள் நடை, அவள் வாசனை என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறான். அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து யோசித்தானா? அவள் செத்த பிறகும் “என்னை விட்டுப் போய்விட்டாள்” என்ற புலம்பல்தான். லாரா பாவம், பெயருக்கு அவன் காதலி. சாவு நடந்த பிறகு வாரக்கணக்கில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவன்தான் கடைசியில் உலக மதங்கள் வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதுகிறான். அவள் எங்களை மன்னித்துவிட்டாள், நானும் அவளை மன்னிக்கிறேன் என்று முடிக்கிறான். யாரைக் கேட்டு? அவள் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமையை இவனுக்கு யார் கொடுத்தது? இதைப் படித்தபோதுதான் புத்தகத்தை மூடி வைத்தேன். அதற்கப்புறம் அரைப் பக்கம் கூட இல்லை, காலையில்தான் முடிக்க முடிந்தது. அதனால் மேலே சொன்ன ஒரு மணி சரியான கணக்கு இல்லை.

எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

மூன்றாம்பெஞ்ச்:

உங்களுக்கு மட்டும் இல்லை. நான் கல்லூரி முதல் வருடத்தில் பாதியில் வைத்துவிட்டேன். ஆற்றங்கரையில் சிகரெட், அறைக்குள் ஒளித்து வைத்த மது, அடுத்து யாரை எப்படி ஏமாற்றலாம் என்று திட்டம். இதே சுற்றி வந்துகொண்டிருந்தது. பையனுக்கென்று சொந்தமாக ஒரு யோசனையும் இல்லை. யார் கூப்பிட்டாலும் பின்னால் போகிறான்.

அத்தியாயத் தலைப்பில் நாள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்தது. அதற்கும் எனக்குப் பொறுமை இல்லை.

பழைய பேருந்து:

நிழற்குடை, கோபம் புரிகிறது. ஆனால் மைல்ஸ் செய்வது தப்பு என்று எழுதியவருக்குத் தெரியாது என்பது போல் பேசுகிறீர்கள். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிற்பாதியில் கர்னல் அவனைப் பிடித்து உலுக்குகிற இடம் நினைவிருக்கிறதா? அவள் நிஜத்தில் எப்படி இருந்தாள், எவ்வளவு சுயநலமாகவும் நடந்துகொள்வாள் என்பதையெல்லாம் மறந்துவிட்டாய், நீயே உருவாக்கிக்கொண்ட அலாஸ்காவைத்தான் நினைத்து அழுகிறாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். நீங்கள் வைக்கிற அதே குற்றச்சாட்டு, புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. தன்மையில் சொல்லப்படுகிற கதையில் சொல்கிறவனுக்குத் தெரியாததை வாசகனுக்குக் காட்ட வேறு வழி ஏது? பக்கத்தில் நிற்கிறவனைப் பேச விட வேண்டியதுதான்.

வடிவத்தையும் கவனியுங்கள். அலாஸ்காவின் சாவுக்கு ‘முன்’ 136 நாள், ‘பின்’ 136 நாள். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்காவில் எல்லாரும் காலத்தையே முன், பின் என்று பிரித்துப் பேசியதிலிருந்து வந்த யோசனை என்று கிரீன் சொல்லியிருக்கிறார். இதை எழுதுவதற்கு முன்னால் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சில மாதம், நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் ஆறுதல் சொல்கிற பணியில் இருந்தவர். ஏன் இப்படி நடந்தது என்று கேட்கிறவர்களிடம் தினமும் பதில் இல்லாமல் நின்றிருப்பார். அந்த மனிதர் கடைசிப் பக்கத்தில் விடையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால்தான் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

நிழற்குடை:

அண்ணா, கர்னல் திட்டுகிற இடம் எனக்கும் பிடித்தது. “அப்பாடா, யாராவது சொன்னார்களே” என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். திட்டு வாங்கியவன் அப்புறம் என்ன செய்தான் என்பதுதான் என் கேள்வி. அவளைப் பற்றித் தனக்கு என்னென்ன தெரியாது என்று ஒரு பத்தியாவது எழுதினானா? அந்தத் திட்டுக்குப் பிறகும் கதை அவன் கையில்தான் இருக்கிறது, கடைசிச் சொல்லும் அவனுடையதுதான். அவனைக் கண்டிக்கத் தெரிந்த புத்தகம், முடிக்கும்போது பேனாவை அவனிடமே கொடுத்துவிட்டுப் போகிறது.

விடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுத்தாளரையே வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் தெரியாது, புத்தகம் வாசகர்களுடையது என்பதுதான் அவர் பதில். சரி, அது நேர்மையான பதில். ஆனால் ‘தெரியாது’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? ‘தெரியாது, ஆனாலும் மன்னிப்புக் கிடைத்துவிட்டது’ என்று போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தூறல்:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள், மூன்றாம் வருட விடுமுறையில் ஊருக்குப் போனவள், திரும்பி வரவில்லை. கிணற்றில் விழுந்துவிட்டாள் என்றார்கள். தவறி விழுந்தாள் என்று அவள் அப்பா சொன்னார். ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். முந்தின நாள் மாலை எனக்குப் போன் செய்திருந்தாள். நான் எடுக்கவில்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன், அப்புறம் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் மறந்துபோனேன்.

பதினோரு வருடமாயிற்று. நாங்கள் நாலு பேர் அந்த வருடம் முழுக்கச் செய்ததெல்லாம் மைல்ஸும் கர்னலும் செய்ததுதான். அவள் போட்டு வைத்திருந்த பட்டியல், துணிக்கடை ரசீது, அடுத்த மாதத்துக்கு எடுத்த பஸ் டிக்கெட். டிக்கெட் எடுத்தவள் எப்படிச் சாக நினைப்பாள் என்று ஒருத்தி சொல்வாள். எடுத்த பிறகு ஏதாவது நடந்திருக்கலாமே என்று இன்னொருத்தி. கர்னல் கருவியை வைத்து ஊதிப் பார்த்து, எவ்வளவு குடித்தால் எவ்வளவு நிதானம் போகும் என்று சோதிக்கிறானே, அந்த இடத்தில் நான் அழுதேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். உள்ளே இருப்பவர்களுக்கு வேறு வேலையே ஓடாது.

அதனால் நிழற்குடை, அந்த மன்னிப்பு வரி உங்களை ஏன் கோபப்படுத்துகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அதை நானும் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை மன்னித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க ஆள் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் காலையில் எழுந்து பல் தேய்க்க முடியாது. மைல்ஸ் அதைக் கண்டுபிடித்துவிட்ட உண்மையாக எழுதுவது எனக்கும் பிடிக்கவில்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நிழற்குடை:

தூறல், இதை எழுதியதற்கு நன்றி. முதல் பதிவில் “யாரைக் கேட்டு” என்று எழுதியது உங்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அதை அழிக்க மாட்டேன், ஏனென்றால் நீங்கள் அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன்.

ஏட்டுச்சுரை:

நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு விஷயம் மட்டும். இந்த நாவலில் எரிச்சல் வருவது பெரும்பாலும் இருபத்தைந்து தாண்டிப் படிப்பவர்களுக்குத்தான். பதினாறு வயதில் படிக்கிற பிள்ளைகள் மைல்ஸைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவன் கண்ணாலேயே பார்க்கிறார்கள், அவர்களுக்கும் அலாஸ்கா ஒரு அதிசயம். அதுதான் எனக்குக் கவலையும்கூட. ஒரு பெண் துயரத்தில் இருக்கிறாள் என்பதற்கான அறிகுறிகளை எல்லாம் ‘அவள் அப்படித்தான், மர்மமானவள்’ என்று ரசிக்கக் கற்றுக்கொடுத்துவிடுமோ என்று.

அமெரிக்க நூலகச் சங்கம் 2015-க்கு வெளியிட்ட, அதிகமாக எதிர்ப்பு வந்த நூல்களின் பட்டியலில் இதுதான் முதலிடம். எதிர்த்தவர்கள் வசைச்சொல்லையும் பாலியல் காட்சிகளையும்தான் சுட்டினார்கள். எனக்கு அவை பெரிதாகப் படவில்லை. பிள்ளைகள் இதைப் படித்தால் அப்புறம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நிழற்குடை, உங்கள் அக்கா மகளிடம் தயவுசெய்து பேசுங்கள். அவள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

கிணற்றடி:

தேதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, வாழ்க்கையில் ரொம்ப நல்ல நாள் எது, ரொம்ப மோசமான நாள் எது என்று சொல்கிற விளையாட்டு வருகிறது. அலாஸ்கா நல்ல நாளைத் தேதியோடு சொல்கிறாள். 1997 ஜனவரி 9. எட்டு வயது, பள்ளியிலிருந்து மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள், அம்மாவும் கூட வந்தாள். அம்மாவுக்குக் குரங்கு பிடித்தது, இவளுக்குக் கரடி. அடுத்த சுற்றில் மோசமான நாள். மிருகக்காட்சி சாலைக்குப் போய்வந்த மறுநாள் என்று ஆரம்பிக்கிறாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்து அம்மா தரையில் விழுகிறாள். இவள் பயந்து, அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிடாமல் பக்கத்திலேயே இருந்துவிடுகிறாள். கூப்பிடவில்லையே என்பதுதான் அதற்கப்புறம் அவள் முழு வாழ்க்கையும்.

ஜனவரி 9-க்கு மறுநாள் 10. அவள் வாயால், இவர்கள் முன்னால் சொல்கிறாள். மைல்ஸ் அதை நமக்கு எழுதியும் வைக்கிறான். அவள் கார் எடுத்தது அதே ஜனவரி 10-ஆம் தேதி அதிகாலையில். நூறு நாளுக்கு மேல் துப்புத் துலக்குகிறார்கள், இது உறைக்கவில்லை. உறைக்க வைப்பவன் தகுமி. அதுவும் அந்த இரவு அவளைப் பார்த்தவன் என்பதால்தான் அவனுக்குத் தெரியும். அவள் தூரத்தில் இருந்த புதிர் இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள், கேட்டவர்களுக்கு அப்போது அது கதை.

இன்னொன்று. மைல்ஸுக்கு எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறு பிடிக்கும், அவர்கள் எழுதியதைப் படிக்கமாட்டான். பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலேயின் கடைசி வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஊரை விட்டே கிளம்புகிறான். ரபெலே எழுதியதில் ஒரு பக்கம் படித்ததில்லை என்று ஆரம்பத்திலேயே அவனே சொல்லிவிடுகிறான். அலாஸ்காவிடமும் அதேதான். அவள் கடைசி வார்த்தை தனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று கடைசியில் உருகுகிறான். அதற்கு முன்னால் இத்தனை நாள் அவள் பேசிய வார்த்தைகள்?

பழைய பேருந்து:

கிணற்றடி, ரபெலே விஷயத்தை இப்படி நான் பார்க்கவில்லை. நாலு தடவை படித்தவன், வெட்கமாக இருக்கிறது.

அப்படியென்றால் நிழற்குடை சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ரபெலேயை ஆரம்பத்திலேயே வைத்த எழுத்தாளருக்கு அவன் யாரென்று தெரியும். ஆனால் முடிவுக் கட்டுரையில் எடிசனின் கடைசி வார்த்தை வருகிறதே, “அங்கே ரொம்ப அழகாக இருக்கிறது” என்று. மைல்ஸ் மறுபடியும் செத்துப்போன ஒருவரின் வாக்கியத்தை எடுத்துத்தான் தன் துக்கத்தை முடிக்கிறான். அவன் மாறவில்லை. மாறவில்லை என்பதைக் காட்டத்தான் எடிசனை வைத்தார் என்று நான் வாதாடலாம். ஆனால் அந்தப் பக்கத்தின் தொனி அப்படி இல்லை. அழ வைக்கத்தான் எழுதியிருக்கிறார். நானும் அழுதிருக்கிறேன்.

2012-இல் வந்த ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். அதில் ஒரு பெண், பாதி வாக்கியத்தில் நின்றுபோகிற ஒரு நாவலின் முடிவைக் கேட்க ஆம்ஸ்டர்டாம் வரை போகிறாள். அந்த எழுத்தாளர் சொல்ல மறுத்து, அவமானப்படுத்தி அனுப்புகிறார். ஏழு வருடமாக வாசகர்கள் கேட்ட கேள்வி கிரீனை எவ்வளவு துரத்தியிருக்கும் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

மூன்றாம்பெஞ்ச்:

இந்த இழையைப் பார்த்துவிட்டு 2019-இல் வந்த தொடரைப் பார்த்தேன், எட்டுப் பகுதி. அதில் மைல்ஸ் இல்லாத இடங்களிலும் கேமரா போகிறது. அலாஸ்கா தனியாக இருக்கும்போது எப்படி இருக்கிறாள் என்று பார்க்க முடிகிறது. நாவலில் எனக்கு என்ன குறை என்று அப்போதுதான் தெரிந்தது. பாதியில் வைத்த புத்தகத்தை மறுபடி எடுத்திருக்கிறேன்.

நிழற்குடை:

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அதற்கு முந்தின இரவு புத்தகத்தை மறுபடி எடுத்து, கதையை விட்டுவிட்டு, அவள் போட்ட பென்சில் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். இணையத்தில் எல்லாரும் எடுத்துப் போடுகிற வரிகளில் கோடு இருக்கும் என்று நினைத்தேன். முதல் பாதியில் அப்படித்தான் இருந்தது. அலாஸ்கா பேசுகிற இடமெல்லாம் கோடு, ஒரு இடத்தில் நட்சத்திரம்.

இரண்டாம் பாதியில் கோடுகள் குறைந்துபோயின. மன்னிப்புக் கட்டுரையில் ஒன்று கூட இல்லை. கடைசியாகப் போட்டது தகுமியின் கடிதத்தில். மூன்றேகால் மணிக்கு, அலாஸ்கா அழுதுகொண்டே விளையாட்டு மைதானத்தில் பூத் தேடிக்கொண்டிருந்தாள், அம்மா கல்லறையில் வைக்க, குளிர்காலம் என்பதால் ஒரு பூவும் இல்லை என்று எழுதியிருப்பானே, அங்கே. அதற்கு மேலே, நீங்கள் என்னை எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைத்தது வலித்தது என்று அவன் சொல்கிற வரியிலும் கோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘இவனை யாருமே கேட்கல’.

அவளிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, இது ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா சித்தி” என்று ஆரம்பித்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அந்தப் பெண்ணின் வீட்டு நம்பர் அவளிடம் இருந்தது. அன்றைக்கே கூப்பிட்டாள்.